அல்காரிதம் இல்லாத பக்கம்

எக்ஸ் = எக்ஸ் + 1. இந்த ஒரு வரியைத் தட்டி, எக்ஸ் எவ்வளவு என்றுதான் கேட்டேன். கல்லூரி லேபில் ஜன்னலோரமாக இருந்த கம்ப்யூட்டர் அப்படியே நின்றுபோனது. பிழை என்று ஒரு செய்தியும் வரவில்லை. உள்ளே விசிறி மட்டும் வேகமெடுத்து இரைந்தது. வருகைப் பதிவேட்டோடு அந்தப் பக்கம் வந்த லேப் மேடம் நின்று பார்த்தார். "அதுக்கு என்னத்தக் குடுத்த ஏட்டி? இம்புட்டு யோசிக்குது" என்றார்.

அதுவரை நான் படித்திருந்த கம்ப்யூட்டர் மொழிகளில் அந்த வரி சர்வ சாதாரணம். ஒரு பெட்டிக்குள் இருக்கும் எண்ணோடு ஒன்றைக் கூட்டு என்று அதற்குப் பொருள். ஆனால் முதலாண்டில் முதன்முதலாக அதைப் பார்த்தபோது எனக்கு உறுத்தியது. பள்ளிக்கூடத்துக் கணக்கில் ஓர் எக்ஸ் தன்னைவிட ஒன்று கூடுதலாக எப்படி இருக்க முடியும்? கேட்டதற்கு, அப்படியே மனப்பாடம் செய்துகொள் என்றார்கள். இப்போது நான் சோதித்துக்கொண்டிருந்தது ஹாஸ்கெல் என்ற மொழியை. அதில் சமக்குறி என்றால் சமம்தான். ஒரு பெயருக்கு ஒரு மதிப்பைச் சொல்லிவிட்டால் பிறகு அது மாறாது. ஆகவே அந்த இயந்திரம் என் பேச்சை நம்பி, தன்னைவிட ஒன்று கூடுதலான ஓர் எண்ணைத் தேடிப் போய்விட்டது. இரண்டு வருடம் கழித்து என் கேள்விக்குப் பதில் கிடைத்ததுபோல இருந்தது. அன்று பஸ்ஸில் வத்திராயிருப்பு வரும்வரை எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு வந்தேன்.

பாடத்திட்டத்தின் கடைசி அலகில் அரைப் பக்கம்தான் இந்த வகை மொழிகளைப் பற்றி இருந்தது. இரண்டு மார்க்குக்கு மேல் வராது என்று வகுப்பே அதைத் தாண்டிப் போனது. நான் போனில் தேடித் தேடிப் படித்தேன். ஒன்றிலிருந்து முடிவே இல்லாமல் போகும் எண்களை அதில் ஒரே வரியில் எழுதிவிடலாம். பத்து கேட்டால் பத்தை மட்டும் செய்து தரும். மீதியைப் பற்றிக் கவலைப்படாது. திரும்பத் திரும்பச் செய் என்று கட்டளையிட வழியில்லை. ஒரு வேலை தன்னையே சின்னதாக்கி அழைத்துக்கொள்ளும். அப்படியென்றால் எப்படி எண்ணுவது, எப்படி வரிசைப்படுத்துவது என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்வி முளைத்தது. எங்கள் ஊர் கூமாப்பட்டியிலிருந்து கல்லூரிக்குப் போகிற தூரம் எனக்குப் போதவில்லை. வகுப்பில் பக்கத்தில் உட்காரும் ராஜபாளையத்துத் தோழிக்கு இது வேடிக்கை. "இத வச்சு எந்தக் கம்பெனில ஒனக்கு வேலை தாராக?" என்பாள். எனக்குத் தெரியாது. தெரியாதது ஒரு குறையாகவும் படவில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதை எப்போதும் கொஞ்சம் நிமிர்ந்துதான் சொல்வேன். அப்பாவுக்குத் தென்னந்தோப்பில் வேலை. கல்லூரியில் சேர்க்கும்போதே, "ஒரு பாடம் போச்சுன்னாலும் நிப்பாட்டிருவேன், பாத்துக்க" என்று சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிறவர்.

இந்த நிலையில்தான் மூன்றாம் ஆண்டு ரெக்கார்டு நோட்டு வந்தது. ஒவ்வொரு பயிற்சிக்கும் நோக்கம், அல்காரிதம், புரோகிராம், விடை என்று எழுதி மேடத்திடம் கையெழுத்து வாங்க வேண்டும். அல்காரிதம் என்றால் வேலை நடக்கும் படிகள்: முதல் ஸ்டெப் 'ஸ்டார்ட்', கடைசி ஸ்டெப் 'ஸ்டாப்'. ஒரு கையெழுத்து குறைந்தாலும் செய்முறைத் தேர்வுக்குள் விட மாட்டார்கள். கடைசிப் பயிற்சியை மட்டும் விரும்பிய மொழியில் செய்யலாம். நான் எண்களை வரிசைப்படுத்துவதை ஹாஸ்கெலில் எழுதினேன். அல்காரிதம் பக்கத்தில் இரண்டே வாக்கியங்கள். காலிப் பட்டியல் வரிசையில்தான் இருக்கிறது. மற்றப் பட்டியலின் வரிசை என்பது, முதல் எண் நீங்கலான மீதியின் வரிசையில், அந்த முதல் எண் தனக்குரிய இடத்தில் இருப்பது.

"ஸ்டார்ட் எங்க?" என்றார் மேடம்.

"இல்ல மேடம்."

"ஸ்டாப்பு?"

"அதுவும் இல்ல. எது முன்ன, எது பொறவுன்னு நாம சொல்ல வேண்டாம் மேடம். வரிசைன்னா என்னன்னு சொன்னாப் போதும். இதுல ஸ்டெப்பே கெடையாது."

"பொறப்படவும் செய்யாது, நிக்கவும் செய்யாது. நல்ல பஸ்ஸுதான்" என்றார். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "பரீட்சை நடத்த வெளிக் காலேஜுலருந்து எக்ஸ்டெர்னல் வந்து கேட்டா எங்கிட்டதான் கேப்பாரு. நாளைக்கு ஸ்டெப் போட்டுக் கொண்டா. இல்லன்னா கையெழுத்து இல்ல."

"அஞ்சு நிமிச வேலை, எழுதித் தொலையேன்" என்றாள் தோழி. "பரீட்சைய விட்டுட்டுப் போயி ஒங்க அப்பாட்ட ஹாஸ்கெல்னு சொல்லுவியோ?"

அவள் சொன்னதில் தவறில்லை. ஆனால் இல்லாத ஸ்டெப்பை எழுதுவது பொய் எழுதுவதாகத் தோன்றியது. மறுநாள், தேர்வுக்கு மூன்றே நாள் இருக்கும்போது, மாற்றாத அதே பக்கத்தோடு போய் நின்றேன்.

லேபில் மேடம் தனியாக இருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ வீணான பிரிண்ட் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, மூன்று, ஒன்று, இரண்டு என்று எழுதினார். எந்தப் புரோகிராமையும் முதலில் பேனாவால் ஓட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். எந்தப் பெட்டியில் எந்த எண் மாறுகிறது என்று குறிக்கக் கட்டம் போட்டார். கட்டத்தில் எழுத ஒன்றுமில்லை. எதுவும் மாறவில்லையே. கட்டத்தை அடித்துவிட்டு, வரிக்கு வரி கீழே எழுத ஆரம்பித்தார். ஒவ்வொரு வரியும் மேலே உள்ள வரிக்குச் சமம். காலிப் பட்டியல்வரை இறங்கியது. பிறகு இரண்டு வந்து சேர்ந்தது, ஒன்று அதன் முன்னால் நின்றது, மூன்று கடைசியில் போய் அமர்ந்தது.

"கணக்கு நோட்டு மாதிரில்ல இருக்கு" என்றார் மெதுவாக. பிறகு தாளை என் பக்கம் திருப்பி, எழுதிய வரிகள்மேல் விரலை வைத்தார். "ஸ்டெப்பே கெடையாதுன்ன. அப்ப இது என்ன?"

தாள் நெடுக ஸ்டெப்கள்தாம் இருந்தன. அவற்றை நான் சொல்லத் தேவையில்லை என்பதையே, அவை இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு பெருமையாகப் பேசிய நான் ஒருமுறைகூடக் கையால் போட்டுப் பார்த்ததில்லை.

"நான் ஓட்டிப் பாக்கல மேடம்."

"தெரியுது" என்றார். அப்போது போன் அடித்தது. வீட்டுத் தெலுங்கில் இரண்டு வார்த்தை பேசி வைத்துவிட்டு, "வேற எடத்துல மொதல்ல கை வச்சா விடை மாறுமா?" என்று கேட்டார். அது என்னைச் சோதிக்கும் கேள்வி அல்ல. அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பெரிய உதாரணமாக எடுத்து, நடுவிலிருந்தும் ஓரத்திலிருந்தும் பிரித்துப் பார்த்தோம். எப்படிப் போனாலும் ஒரே விடை. சாப்பாட்டு மணி அடித்ததைக் கவனிக்கவில்லை.

என் இரண்டு வாக்கியங்களுக்குக் கீழே அவருடைய வரிகளை எழுதிச் சேர்த்தேன். ஸ்டார்ட் இல்லை, ஸ்டாப் இல்லை. நெடுநேரம் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார். "எக்ஸ்டெர்னல் கேட்டா நீயே பதில் சொல்லு. நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றார்.

இப்போது மதுரையில் எம்.சி.ஏ. படிக்கிறேன். இங்கே நல்ல கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன, நான் கேட்ட மொழியைக் கேட்டவுடன் நிறுவித் தருகிறார்கள். ஆனால் தனக்குத் தெரியாததைத் தன் மாணவியிடம் கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்த ஆசிரியரை இன்னும் பார்க்கவில்லை.

அந்தச் செய்முறைத் தேர்வன்று வந்த எக்ஸ்டெர்னல் மூக்குக்கண்ணாடி அணிந்த பெரியவர். என் ரெக்கார்டைப் புரட்டிக்கொண்டே வந்தவர் அந்தப் பக்கத்தில் நின்றார். முன்னும் பின்னும் திருப்பினார். "ஸ்டார்ட்டையே காணமேம்மா?" என்றார். சுவரோரம் நின்ற மேடத்தைப் பார்த்தேன்.

"ஏதாவது மூணு நம்பர் சொல்லுங்க சார்" என்றார் மேடம்.

"ஏழு, ரெண்டு, அஞ்சு" என்றார் அவர்.

மேடம் ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால் வைத்து, பேனாவை நீட்டினார்.