ஜாடிக்குள் ஒரு வாரம்

சென்ற வாரம் ஒரு செய்திக்காக ஆம்பூர் ஷூ தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். வெட்டும் இயந்திரம் தோலின் மேல் சிவப்பாக ஒரு கோடு போட்டது. சுண்டுவிரல் அளவு லேசர். தோல் வாசனையும் அந்தச் சிவப்பும் சேர்ந்ததும் நஸ்ரீன் ஞாபகம் வந்துவிட்டது.

அவள் ஆம்பூர்க்காரி. அப்போது காட்பாடியில் நாங்கள் இருவரும் இயற்பியல் ஆய்வு மாணவிகள். எங்கள் லேசர் முழங்கை நீளக் கண்ணாடிக் குழாய். உள்ளே ஹீலியமும் நியானும். மின்சாரம் தரும் ஆற்றலை ஹீலியம் வாங்கி, மோதும்போது நியானிடம் கொடுத்துவிடும். சிவப்பு வெளிச்சம் நியானுடையது. "உழைக்கிறது ஒருத்தன், பேரு இன்னொருத்தனுக்கு. எங்க வீடு மாதிரியே இருக்குடி" என்பாள் நஸ்ரீன்.

ஹீலியம் கண்ணாடி வழியாகவே கசிந்து போகும். குழாய் பழையது. ஒருநாள் உள்ளே மங்கலாக ஒளிர்ந்தது. சுவரில் சிவப்புப் புள்ளி விழவில்லை. அவளுக்குப் பெங்களூரில் ஆராய்ச்சி இடம் தயாராக இருந்தது. மீதி அளவீடுகளை மாதக் கடைசிக்குள் முடித்தால்தான் அது கிடைக்கும். புதுக்குழாய்க்கு வழியில்லை. ஹீலியம் நிரப்பிய ஜாடியில் குழாயை வைத்தால், போன வழியிலேயே உள்ளே திரும்பும் என்று படித்திருந்தோம்.

ஆம்பூரில், பறக்கும் பலூன்களுக்கு ஹீலியம் அடைக்கும் பலூன்காரரிடம் போனோம்.

"எத்தினி பலூன்மா?"

"பலூன் வேணாண்ணா. காத்து மட்டும்."

"வெறும் காத்தா? இன்னாமா பேஜார் பண்றீங்க!"

ஆம்பூர்க்காரர்களுக்கு எதற்கும் தோல்தான். மேசை ஆடினாலும், குழாய் ஒழுகினாலும் ஒரு துண்டு வெட்டிச் செருகுவார்கள். ஜாடி மூடிக்கு நஸ்ரீன் தோலில் வாஷர் வெட்டினாள். நானும் பாராட்டினேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் புள்ளி இல்லை. வாஷரை எடுத்து உற்றுப் பார்த்தவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"தோலுன்னா மூச்சு விடணும்னு ஷூ கம்பெனியில எங்கண்ணன் நாள் பூரா கத்துறான். நான் அத வெச்சே காத்த அடைச்சிருக்கேன் பாரு!"

இரண்டாம் முறை எங்களைப் பார்த்ததுமே பலூன்காரர் சிலிண்டரைத் திறந்தார். இந்தத் தடவை மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றினோம். இன்னும் ஒரு வாரம். விசையைப் போட்டதும் சுவரில் சிவப்பாக ஒரு புள்ளி, மிளகளவு. "வந்துட்டான்" என்றாள், மெதுவாக. மாதம் முடிவதற்குள் அளவீடுகளும் முடிந்தன.

அவளை நான்தான் ரயில் ஏற்றினேன். சில வருடங்கள் பேசிக்கொண்டோம். பிறகு எண்கள் மாறிவிட்டன. ஆய்வகம் இப்போது கணினி அறை. பழைய ஆய்வகத்தை ஒழிக்கும் வரை குழாய் அலமாரியில்தான் கிடந்ததாம், கீறல்கூட இல்லாமல். எங்களுக்குப் பின் வந்த யாருக்கும் அதனால் ஆகவேண்டிய காரியம் இருக்கவில்லை. நாங்கள் ஏற்றியதும் மறுபடி கசிந்து போயிருக்கும். ஹீலியம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.