ஆரம்பாக்கம் வரை: நான் பார்க்காமல் விட்ட இடது கை

பூநாரை, படகுச் சவாரி, நண்டுக் குழம்பு என்று தேடி இந்தப் பக்கத்துக்கு வருபவர்கள் மன்னிக்கவும். இந்த முறை அதெல்லாம் இல்லை. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரைக்குப் போனேன். பக்கவாதம் வந்த ஒரு பெண்ணை இரண்டாவது மூளை ஸ்கேனுக்கு அழைத்து வர வேண்டியிருந்தது. சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுப்பதுதான் என் பிழைப்பு.

அவர் பெயர் மல்லிகா. இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து சேற்றைத் துழாவி இறால் பிடிப்பவர். ஒரு கை விரட்ட வேண்டும், மறு கை அமுக்க வேண்டும். அதனால் பிடித்ததைப் போடும் ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். நான்கு மாதங்களுக்கு முன் அவருக்கு வலது கை விழுந்துவிட்டது.

முதல் ஸ்கேனை எடுத்தவனும் நான்தான். கருவிக்குள் படுக்கவைத்து 'வலது கையை மூடு, விடு' என்று சொல்லிக்கொண்டே, மூளையில் எந்த இடம் வேலை செய்கிறது என்று படம் எடுப்போம். வலது கையை அசைப்பது இடப்பக்க மூளை, இடது கையை அசைப்பது வலப்பக்க மூளை. அவருக்கு அடிபட்டது இடப்பக்கம். படத்தில் வலப்பக்கம் பளிச்சென்று தெரிந்தது. "இடது கை அசையலையே?" என்று டாக்டர் கேட்டார். "இல்ல டாக்டர்" என்றேன். குளிர்கிறது என்று அந்தம்மா சொன்னதால் கழுத்துவரை போர்த்தியிருந்தேன். கையை நான் பார்க்கவே இல்லை.

அப்படியானால் வலப்பக்க மூளை அந்த வேலையைக் கற்றுக்கொள்கிறது போலிருக்கிறது, பயிற்சியை விடாமல் செய்யட்டும் என்றார் டாக்டர். என் வாய் சும்மா இருந்ததா? வெளியே வந்து, "கை வந்துடும்மா, படத்துலயே தெரியுது" என்று சொல்லிவைத்தேன்.

சென்ட்ரலில் காலை 6.35க்கு சூலூர்ப்பேட்டை ரயில். டிக்கெட் பதினைந்து ரூபாய். எளாவூர் தாண்டினால் அடுத்தது ஆரம்பாக்கம். நான் இறங்கும்போது மணி 8.25. அங்கிருந்து ஏரிக்கரைக் குப்பத்துக்கு நான்கு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். ஓட்டுநருக்கு மல்லிகாவைத் தெரிந்திருந்தது.

"கை வந்துடும்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்களாம் சார். அன்னிக்கு எங்க எல்லாருக்கும் பொங்கல் ஆக்கிப் போட்டுச்சு அந்தம்மா" என்றார். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மல்லிகா வீட்டு வாசலில் பறியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "பாருங்க சார், தெனம் மூடி மூடி பழகுறேன்" என்று செய்து காட்டினார். வலது கை அப்படியே கிடந்தது. மடியில் இருந்த இடது கை மூடி மூடித் திறந்தது.

"அந்தக் கைய சும்மா வெச்சுக்கோங்கம்மா."

"சும்மாதான் சார் கீது."

இடது கையை என் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, இப்போது வலதை மூடுங்கள் என்றேன்.

"மூடிக்கினுதான் சார் கீறேன்."

அவருடைய இடது கை விரல்கள் என் உள்ளங்கையை நெட்டின. வலதை மூட நினைக்கும்போதெல்லாம் இடது தானாக மூடிக்கொள்கிறது, அது அவருக்கே தெரியவில்லை. பயிற்சிக்குப் போகிறீர்களா என்று அவர் கணவர் ஏழுமலையிடம் கேட்டேன்.

"நீங்கதான படத்துலயே வந்துச்சுன்னு சொன்னீங்க. அதான் பொன்னேரிக்கு இட்டுக்கினு போறத வுட்டுட்டோம். இன்னா சார், போயிருக்கணுமா?"

பக்கவாதத்துக்குப் பிறகு முதல் சில மாதங்கள்தான் கை திரும்ப அதிகம் வாய்ப்புள்ள காலம். அதில் பெரும்பகுதி போய்விட்டது. அன்று அசைந்தது இடது கையாகத்தான் இருக்க வேண்டும், நான் பார்க்காமல் பொய் சொல்லிவிட்டேன் என்று அவர்களிடம் சொன்னேன். ஏழுமலை என்னைத் திட்டியிருக்கலாம். ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். மல்லிகாதான் கேட்டார்: "அப்ப இந்தப் பறிய யாருக்காச்சும் குட்துடவா சார்?"

நான் ஆட்டோவைக் கூப்பிடப் போனேன்.

11.40 ரயிலில் மூவரும் திரும்பினோம். ஜன்னலோரம் உட்கார்ந்த மல்லிகா, வழி நெடுக இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தே வந்தார். ஸ்கேன் அறையில் போர்வை போடவில்லை. இடது கையைப் பட்டையால் கட்டினோம். அந்தக் கை பட்டையை இழுக்காமல் இருந்தபோது எடுத்த படத்தில், முன்பு பளிச்சென்றிருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஸ்கேன் எடுத்தால், நல்ல கை சும்மா இருந்ததா என்று கேளுங்கள். பார்த்தீர்களா என்றும் கேளுங்கள். படம் எப்படி வந்தாலும் பயிற்சியை நிறுத்தாதீர்கள். ஆரம்பாக்கத்திலிருந்து பொன்னேரிக்கு இதே ரயில் தடத்தில் போகலாம்; இப்போது மல்லிகாவும் வாரம் மூன்று நாள் போகிறார். பறி இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.

ஏரி பார்க்க அந்தப் பக்கம் போகிறவர்கள் அவரைச் சந்தித்தால் ஆறுதலுக்குக்கூடக் கை வந்துவிடும் என்று சொல்லாதீர்கள். அதை நான் ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.