நாங்கள் எழுதிக்கொண்ட பங்குப் பத்திரம்

சுதந்திரம் வந்த சில வருஷங்களில் மைசூரில் அலுவலகங்கள் பெருகின. டைப் அடிக்கத் தெரிந்தவர்களுக்கு உடனே வேலை கிடைத்தது. நானும் என் தோழியும் ஒரு காப்பி வியாபாரியின் அலுவலகத்தில் டைப்பிஸ்டுகள். அவள் கொள்ளேகாலத்துக்காரி, என்னைவிட வேகமாக அடிப்பாள். வேலையை விட்டுவிட்டுப் மூன்று மெஷின்களோடு பெண்களுக்கென்று டைப்ரைட்டிங் பள்ளி தொடங்கத் தீர்மானித்தோம். அது நடக்கும் என்பதில் இருவருக்கும் சந்தேகமே இல்லை. யார் பேரில் தொடங்குவது என்பதுதான் தெரியவில்லை.

லட்சுமிபுரத்தில் என் கணவருக்குத் தூரத்து உறவான வக்கீல் ஒருவர் இருந்தார். அவரிடம் போனோம்.

“உங்க ஒருத்தர் பேர்லயே வச்சுக்கோங்கோ. இவங்களுக்குச் சம்பளம் கொடுத்துடலாம். சுலபம்” என்றார்.

“சம்பளத்துக்குன்னா எனக்கு அந்த ஆபீசே போதுமுங்க” என்றாள் தோழி.

கம்பெனியாக வைத்தால் என்ன என்று நான் கேட்டேன்.

“பெங்களூர்ல பதிவு பண்ணணும், வருஷா வருஷம் காகிதம் அனுப்பணும். மூணு மெஷினுக்கு அது ஜாஸ்தி. பார்ட்னர்ஷிப் சரியா வரும். ஆனா, பள்ளி பேர்ல இவங்க கடன் வாங்கினா உங்க நகைகூட அதுக்குப் பதில் சொல்லணும். யோசிச்சுக்கோங்கோ.”

“நான் வாங்கினா?” என்றேன்.

“இவங்க சொத்து பதில் சொல்லணும்.”

அவளை நம்பலாமா என்று நான் பல நாள் யோசித்திருந்தேன். அவள் என்னை நம்ப வேண்டியிருக்கும் என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. ஊரில் அவள் அப்பா அவள் பேருக்கு எழுதிவைத்த ஒரு ஏக்கர் நிலம் இருந்தது. அவள் வக்கீல் பக்கம் திரும்பினாள்.

“ரெண்டு பேரும் கையெழுத்துப் போடாம கடன் வாங்கக் கூடாதுன்னு எழுதிருங்க.”

“எழுதலாம். ஆனா விஷயம் தெரியாம கடன் கொடுத்தவனை அது கட்டுப்படுத்தாது.”

“எங்க ரெண்டு பேரையும் கட்டுப்படுத்துமில்லீங்களா? அது போதுமுங்க.”

வக்கீல் சிரித்துவிட்டு எழுத ஆரம்பித்தார். பங்கு சரிபாதி. கணவர்களின் பேரையும் சேர்க்கட்டுமா என்று கேட்டார். சாட்சிக் கையெழுத்துக்குக் கூட்டி வருகிறோம் என்றேன்.

அடுத்த வாரமே சிவராம்பேட்டையில் ஒரு மாடியைப் பிடித்தோம். காலை வகுப்பு அவளுடையது, சாயங்காலம் என்னுடையது. முதல் நாள் ஏழு பெண்கள் வந்தார்கள். மாதம் முடிவதற்குள் நாலாவது மெஷினைத் தேடிக்கொண்டிருந்தோம்.