ஐந்தாவது நட்டு

என் வீட்டுக்காரர் தையல்காரர். சட்டையை ஒரு நூல் பிசகாமல் தைப்பார். கார் என்று வந்துவிட்டால் மட்டும் சின்னப் பிள்ளை. எங்கள் பழைய காருக்கு ஆயில் மாற்றுவது முதல் பிரேக் பார்ப்பது வரை ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே செய்வார். அதெல்லாம் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்திய கதை.

அன்றும் ஞாயிற்றுக்கிழமைதான். பஞ்சரான சக்கரத்தை மாற்றிக்கொண்டிருந்தார். ஐந்து நட்டையும் கையால் சுற்றி, ஜாக்கியை இறக்கியாயிற்று. ஸ்பேனரால் இறுக்குவதுதான் பாக்கி. நான் உள்ளிருந்து சாப்பிடக் கூப்பிட்டேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. மூன்றாவது தடவை கூப்பிட்டது தெருவுக்கே கேட்டிருக்கும்.

"இப்ப வர்றீங்களா, இல்ல எல்லாத்தையும் எடுத்து வெச்சிரவா?"

ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கை கழுவ வந்தார். சாப்பிட்டார், படுத்தார், மறந்தார்.

சாயங்காலம் கடைத்தெருத் திருப்பத்தில் எங்களுக்கு முன்னால் எங்கள் சக்கரம் போய்க்கொண்டிருந்தது. கார் மதிலில் மோதியது. எனக்குத் தோள் எலும்பு முறிந்தது. அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதுவே பெரிய குற்றமாகப் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் என் அண்ணன் எல்லோர் முன்னாலும் அவரைக் கிழி கிழியென்று கிழித்தார். "துணி தைக்கிறவருக்கு இந்த வேலை எதுக்கு மாப்ள? என் தங்கச்சி உயிரு உங்களுக்கு விளையாட்டா?"

"என் தப்புதான் மச்சான், மறந்துட்டேன்," என்றார் இவர்.

நான் கூப்பிட்டதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கட்டிலில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்த நானும் சொல்லவில்லை. எதற்கெடுத்தாலும் வாய் நீளும் எனக்கு. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பன்னிரண்டு வருஷமாக வாய் திறக்கவில்லை. வெட்கக்கேடுதான்.

அதற்கப்புறம் அவர் சூடுபட்ட பூனை. ஸ்பேனரெல்லாம் துணி வெட்டும் மேஜைக்கடியில் ஒரு தகரப்பெட்டிக்குள் போயின. டயருக்குக் காற்று பார்க்கக்கூட மெக்கானிக்கைத் தேடினார்.

போன மாதம் பிரேக் பிடித்தால் கிரீச்சென்று சத்தம் வர ஆரம்பித்தது. பட்டறையில் ஒன்பது நாள் போட்டுவைத்து, சத்தத்தோடே திருப்பிக் கொடுத்தார்கள். இவரே போய்ப் புது பிரேக் பேட் வாங்கி வந்தார். ஞாயிறு காலையில் தகரப்பெட்டி வெளியே வந்தது.

"பண்ணட்டுமா?" என்று கேட்டார்.

"என்னை எதுக்குக் கேக்கறீங்க?"

"நீதான உக்காரப் போற."

"பண்ணுங்க," என்றேன்.

ஸ்பேனர் துருப்பிடித்திருந்தது. முழங்காலும் அப்படித்தான், கீழே உட்காரவே இரண்டு தவணை ஆயிற்று. கைக்கு மட்டும் எதுவும் மறக்கவில்லை. தேய்ந்த பேடை எடுத்துப் புதியதை மாட்டினார். சக்கரத்தைப் பூட்டி, ஜாக்கியை இறக்கி, நட்டுகளை எதிரும் புதிருமாக இறுக்கினார். ஒவ்வொன்றையும் இறுக்கியதும் அதன்மேல் ஒரு கோடு போட்டார். துணியில் அளவு குறிக்கிற அதே சாக்பீஸ். வலது பக்கம் முடித்து இடது பக்கம் வந்தார்.

மணி இரண்டரை. சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. நான் கூப்பிடவில்லை. வாசலில் வந்து நின்றேன். நின்றவள் சும்மா நின்றிருக்கலாம்.

"அன்னிக்கு நான்தான் கூப்பிட்டேன்," என்றேன். "மூணு தடவ. அண்ணன்கிட்ட நீங்களும் சொல்லல, நானும் சொல்லல."

ஸ்பேனரைத் தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "சாப்பிடத்தான கூப்பிட்ட. அதுல என்ன தப்பு?"

"தப்பு இல்லாமலா இத்தன வருஷமா உறுத்துது?"

"உனக்கு உறுத்துதுன்னு தெரிஞ்சிருந்தா அப்பவே பேசியிருப்பேனே," என்று சொல்லி, காரைப் பிடித்துக்கொண்டு எழுந்து என் பக்கம் வந்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் குனிந்தேன். சக்கரம் கண்ணில் பட்டது. நான்கு நட்டில் கோடு இருந்தது. ஐந்தாவதில் இல்லை.

"போய் உக்காருங்க," என்றேன். "அதை இறுக்கிட்டு அப்புறம் பேசுங்க."

திரும்பிப் பார்த்தார். பிறகு மறுபடியும் இரண்டு தவணையாக உட்கார்ந்து, ஸ்பேனர் முனகுகிற வரைக்கும் இறுக்கினார். சாக்பீஸை என்னிடம் நீட்டினார். கோடு நான் போட்டேன். கொஞ்சம் கோணல்தான்.

சாப்பாடு எப்படியும் ஆறிவிட்டது. முதலில் அண்ணனுக்குப் போன் போட்டேன்.