நெல் வரும்வரை ஹாக்கி

எங்கள் பிள்ளைகளின் ஐஸ் ஹாக்கி அணிக்கு ஐஸ் கிடையாது. கல்லிடைக்குறிச்சிக்கு வெளியே ஓர் அரிசி ஆலையில் நெல் காயப்போடும் சிமெண்ட் களம்தான் இருந்தது. செல்போனில் ஐஸ் ஹாக்கி பார்த்துக் கிறங்கிய விளையாட்டு ஆசிரியர், "ஐஸ் இல்லாட்டா என்னலே, கால்ல சக்கரத்தை மாட்டிக்கிட்டு ஆடுவோம்" என்று பிள்ளைகளைச் சேர்த்தார். என் மகளும் சேர்ந்தாள்.

இடம் கேட்டுப் போனபோது மற்றவர்கள் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். ஆலைக்கார அண்ணாச்சி அன்றே கேட்டைத் திறந்தார். கோல் கம்பம் நட, களத்தின் கிழக்கு ஓரத்தில் இரண்டு குழி வெட்டவும் விட்டார். "மாசியில பிசான நெல்லு வார வரைக்கும் ஆடுங்க."

அடுத்த வருடம் பாதிப் பேர் பத்தாம் வகுப்பு. அணி அதோடு முடிந்துவிடும். அதற்குள் ஒரே ஒரு ஆட்டம், பாளையங்கோட்டையில். "ஒரு கோலாவது போட்டுரணும்மா" என்பாள் மகள். ஐப்பசி மழையிலும் பயிற்சி நிற்கவில்லை. மழை விட்டதும் ஊரிலேயே முதலில் காய்வது அந்தக் களம்தான்.

பாளையங்கோட்டையில் முதல் பாதி முழுக்க எங்கள் பிள்ளைகள் அடித்த பந்தெல்லாம் கோலுக்கு இடப்பக்கமே போனது. "ஏலே, கோல் இங்கன இருக்கு, அங்கன யாருக்கு அடிக்கிய?" என்று எதிரணிப் பையன் சிரித்தான்.

இடைவேளையில் மகள் பந்தைத் தரையில் வைத்தாள். அது அசையவில்லை. ஆட்டம் பார்க்க வந்திருந்த அண்ணாச்சியிடம் ஓடினாள். "நம்ம களம் சரிவா அண்ணாச்சி?"

"தண்ணி நிக்கக் கூடாதுன்னு தெக்க வாட்டம் விட்டுத்தாம்மா கட்டுனேன்." அவர் முகம் விழுந்துவிட்டது. "மொதல்லயே சொல்லாம விட்டுட்டேனே."

தெற்கே உருளும் பந்துக்கு ஈடுகட்டி, மாதக்கணக்காக இடப்பக்கம் தள்ளியே அடித்துப் பழகியிருக்கிறார்கள். அதே சரிவு இல்லையென்றால் மழைக்காலத்தில் அவர்கள் ஆடியிருக்கவே முடியாது.

கை பழக்கத்தை விடவில்லை. அதனால் இரண்டாம் பாதியில் மகள் வலது கம்பத்தைக் குறிவைத்தாள். பந்து நடுவில் நுழைந்தது. ஏழுக்கு ஒன்று என்று தோற்றோம். அண்ணாச்சி பக்கத்து இருக்கைக்காரரிடம், "நம்ம களத்துப் பிள்ள வே" என்றார். அந்த மனிதர் எதுவும் கேட்டிருக்கவே இல்லை.

மாசியில் நெல் வந்தது. நன்றி சொல்ல மகளோடு போனேன். களம் முழுக்க நெல். கம்பம் நட்ட குழிகளைப் பூசாமல், மேலே தகரம் வைத்து மூடியிருந்தார்.

"புரட்டாசியில கார் அறுப்பு கழிஞ்சா களம் சும்மாத்தான் கெடக்கும்" என்றார். அணி இனி இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

"சரி அண்ணாச்சி" என்றாள் மகள்.