எல்லாவற்றிலும் நூறு

எண்ணெய்த் தொட்டிகளுக்கும் பெரிய குழாய்களுக்கும் வெல்டிங் வைக்கிற மேஸ்திரி அவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். அடுத்தவனுக்கு வெல்டிங் ராடு எடுத்துக் கொடுக்கிற எடுபிடியாகத் தொடங்கி, இன்று ஏழு பேரை வைத்து வேலை வாங்குகிறார். இதில் யார் தயவும் கிடையாது. கேட்டால் அவரே சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்.

வேலை எங்கேயோ குடித்தனமும் அங்கேதான். தொட்டி எழும்பி முடிந்ததும் பாத்திரம் பண்டத்தை லாரியில் ஏற்றிவிட வேண்டியதுதான். மகளைச் சேர்த்த பள்ளிகளில் ஒரு வருஷம் முழுதாக உட்கார வைக்க முடியவில்லை. மூன்றாவது ஊரில் ஒரு தலைமையாசிரியர், நடு வருஷத்தில் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்று கையை விரித்தார். மேஸ்திரி அசரவில்லை. "அப்ப நாங்களே பள்ளிக்கூடம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். பன்னிரண்டாவது வரை படித்த மனைவி பாடம் எடுப்பது, அவர் பரீட்சை வைப்பது என்று ஏற்பாடு. தகரக் கொட்டகையின் அடுப்படிதான் வகுப்பறை.

பரீட்சை என்றால் அவருக்குத் தெரிந்தது ஒரே மாதிரிதான். வெல்டிங் வைத்த இணைப்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். உள்ளே ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் கிரைண்டரால் அறுத்தெடுத்துவிட்டுத் திரும்ப வைக்க வேண்டும். முக்கால்வாசி நல்ல இணைப்பு என்று உலகத்தில் ஒன்று கிடையாது. மீதிக் கால்வாசி வழியாக எண்ணெய் ஒழுகிவிடும். மகளுடைய கணக்குக்கும் அதே சட்டம். மனைவி தப்பைச் சுழித்துக் கொடுப்பாள். அழித்துவிட்டு மறுபடி போட வேண்டும், சரியாக வரும்வரை. மகள் அழுதிருக்கிறாள், பென்சிலை விட்டெறிந்திருக்கிறாள். ஆனால் தப்பான விடையோடு ஒரு பாடத்தைக்கூடத் தாண்டிப் போனதில்லை.

அந்த மகளுக்குக் கல்லூரியில் உலோகவியல் படிக்க ஆசை. முழுக் கட்டணத்துக்கும் உதவித்தொகை உண்டு, வீட்டில் படித்தவர்களும் கேட்கலாம். சராசரி எண்பத்தைந்துக்குக் குறையக் கூடாது. வீட்டுப் பள்ளியின் தலைவராகப் பெற்றவரே மதிப்பெண் பட்டியலில் கையெழுத்துப் போட வேண்டும். உதவித்தொகை இல்லையென்றால் அந்தக் கல்லூரி வாசலை மிதிக்க வழியில்லை. அது வீட்டில் மூன்று பேருக்கும் தெரிந்த விஷயம்.

மேஸ்திரி எல்லாப் பாடத்துக்கும் நேராக நூறு என்று எழுதினார்.

"ஏங்க, எல்லாத்துலயும் நூறுன்னா யாரு நம்புவா? வரலாத்துல எண்பத்தெட்டு, இங்கிலீஷ்ல தொண்ணூறுன்னு கொஞ்சம் இறக்கிப் போடுங்க."

"எதைத் தப்பா விட்டுட்டு வந்தா, சொல்லு. குறைச்சுடறேன்."

"பின்னக் கணக்குல ஒரு வாரம் அழுதாளே, மறந்துட்டீங்களா?"

"அழுதா. அப்புறம் போட்டாளா இல்லயா?"

"உங்ககிட்டப் பேசுறதுக்கு அந்தத் தொட்டியில போய் முட்டிக்கலாம்" என்று மனைவி எழுந்து போனாள்.

உதவித்தொகைப் பிரிவு அதிகாரி ஒரு அம்மாள். பட்டியலை மேலிருந்து கீழே படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரும்பப் படித்தார்.

"இதுல தலைமையாசிரியர் யாருங்க ஐயா?"

"நான்தான்."

"அப்பா?"

"அதுவும் நான்தான்."

"எல்லாத்துலயும் நூறு. இப்படி ஒரு மார்க் ஷீட்டை நான் பார்த்ததே இல்ல."

"இப்படி ஒரு பள்ளிக்கூடத்தையும் பார்த்திருக்க மாட்டீங்க மேடம்."

மனைவி முழங்கையால் இடித்தாள். அவர் நிறுத்தவில்லை. எக்ஸ்ரே, கிரைண்டர், ஒழுகுகிற எண்ணெய் எல்லாவற்றையும் விலாவாரியாக எடுத்துவிட்டார். அந்த அம்மாள் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார்.

"நீங்க பொய் சொல்லல, புரியுது. ஆனா மத்த பிள்ளைங்க வாங்கின மார்க் முதல் தடவை எழுதினதுக்கு. திருத்தித் திருத்தி எழுதினதுக்கு இல்ல. இதை நான் அப்படியே எடுத்துக்கிட்டா அவங்களுக்கு அநியாயம்."

மேஸ்திரி பட்டியலைத் தன் பக்கம் திருப்பி, தான் போட்ட நூறுகளை ஒருமுறை பார்த்தார்.

"ஒரு வழி இருக்கு. இங்கயே ஒரு தேர்வு வைப்போம். எண்பத்தஞ்சு வந்தா தகுதி. கீழ போனா இந்த வருஷம் இல்ல."

அப்பா வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். "எழுதறேன் மேடம். இன்னிக்கே வேணும்னாலும் சரி."

மறுநாள் காலை அவளை உள்ளே விட்டுவிட்டு இருவரும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மகளுக்கு எல்லாம் தெரியும் என்பதில் அவருக்குத் துளி சந்தேகமில்லை. ஆனால் முதல் தடவையில் அவளுக்கு எவ்வளவு வரும்? இத்தனை வருஷத்தில் அதை அவர் எண்ணிப் பார்த்ததே கிடையாது. எதிரே ஜன்னல் கம்பியில் யாரோ வைத்திருந்த மட்டமான வெல்டிங்கைப் பார்த்து, அவனை மனசுக்குள் வைதுகொண்டிருந்தார்.

மகள் வெளியே வந்தாள்.

"ரெண்டு கணக்கு இடிக்குதுப்பா. மறுபடி போட்டுப் பார்க்கலாம்னா பேப்பரைப் பிடுங்கிட்டாங்க."

"பிடுங்கிட்டாங்களா? மனுஷங்களா இவங்க."

"அதான் பரீட்சைங்க" என்றாள் மனைவி.

மதியம் அந்த அம்மாள் கூப்பிட்டார். எண்பத்தெட்டு. தகுதிச் சான்றில் கையெழுத்தும் முத்திரையும் விழுந்தன. மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேஸ்திரி மட்டும் நகரவில்லை.

"மேடம், மீதிப் பன்னெண்டு எங்க போச்சு?"

"அப்பா, வாங்கப்பா."

அந்த அம்மாள் இப்போதுதான் சிரித்தார். விடைத்தாளை மேஜைமேல் திருப்பி வைத்தார். மகள் குனிந்து பார்த்து, "இங்க கூட்டல் கழித்தல் குறியை மாத்திட்டேன்" என்று விரலை வைத்தாள். மேஸ்திரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதுபோல் தலையை ஆட்டிவிட்டு, கால் தரையில் பாவாமல் வெளியே வந்தார்.

மறுநாள் வேலையிடத்தில் தேநீர் வேளை. ஆட்கள் ஏழு பேரும் வட்டமாக உட்கார்ந்திருக்க, நடுவில் அவர்.

"எண்பத்தெட்டு. ஒரே தடவை. கிரைண்டர் தொடல."

"போன வாரம் நூறுன்னீங்களே மேஸ்திரி? எறங்கிடுச்சா?" என்றான் வாய்த்துடுக்கான ஃபிட்டர்.

"டேய், அந்த நூறை நான் போட்டேன். இந்த எண்பத்தெட்டை முன்னப்பின்ன தெரியாதவங்க போட்டிருக்காங்க. உனக்கு எவன்டா இதுவரைக்கும் எண்பத்தெட்டு போட்டிருக்கான்?"

ஃபிட்டர் தேநீரைக் குடித்தான். மேஸ்திரி கதையை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.