விதைப் பானை

மயிலத்துக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் வாழ்க்கைப்பட்டவள் பாஞ்சாலி. அவள் கணவன் மாரியப்பனுக்கும் அவன் தம்பி சீனுவாசனுக்கும் பொதுவாகக் கொஞ்சம் மானாவாரி நிலம் இருந்தது. மழை பெய்தால் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, கேப்பை. பெய்யாவிட்டால் கூலி வேலை. ஐம்பத்திரண்டாம் வருஷப் பஞ்சத்தில் கூலியும் இல்லாமல் போயிற்று. களை எடுக்க யாருடைய கொல்லையிலும் பயிர் இல்லை.

அந்தக் கோடையில் வீட்டில் மிஞ்சியது விதை மல்லாட்டை மட்டும்தான். மாரியப்பன் அதைத் தோலோடு ஒரு பெரிய பானையில் போட்டு, வாயைச் சாணத்தால் மெழுகி மூடியிருந்தான்.

"இதுல கை வெச்சா அடுத்த வருசமும் பட்டினிதான்" என்று பொதுவாகச் சொல்லிவைத்தான்.

ஒருநாள் ஆண்கள் இருவரும் கிழங்கு தோண்டப் போயிருந்தார்கள். நான்கு வயது மூத்த மகள் கொளஞ்சி சுவர் மண்ணைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்ததைப் பாஞ்சாலி பார்த்தாள். நேராகப் போய்ச் சாணத்தைப் பெயர்த்தாள். கைநிறைய அள்ளி, பல்லால் கடித்து உடைத்து, கொளஞ்சிக்கும் சின்னவளுக்கும் பருப்பை ஊட்டினாள். தன் வாயிலும் போட்டுக்கொண்டாள். தோலை வெளியே எறிந்தால் தெரிந்துவிடும் என்று பானைக்குள்ளேயே தள்ளி, மேலே நல்ல காய்களைப் பரப்பி, மறுபடி மெழுகினாள். இன்றைக்கு மட்டும் என்றுதான் நினைத்தாள். மறுநாளும் திறந்தாள். அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை.

ஆடியில் மழை வந்தது. விதைக்கப் பானையைச் சாய்த்தபோது பாதிக்கு மேல் வெறும் தோல் கொட்டியது.

எலி தின்றது என்று சொல்ல வழியில்லை. தோலை உள்ளே போட்டு மூடியிருந்ததே திருட்டு வேலை என்று காட்டிக் கொடுத்தது. சீனுவாசன் அப்போது கல்யாணமாகாதவன். சுற்றுப்பட்டில் எங்கே கூத்து நடந்தாலும் போய்விடுவான்.

"கூத்துக்காரனுங்களோட சுத்திக்கினு, விதைய ஒடச்சி வித்துட்டியாடா?" என்றான் மாரியப்பன்.

"நான் எடுக்கலண்ணா."

"அப்ப யாரு? இவளா?"

சீனுவாசன் அண்ணியைப் பார்த்தான். பாஞ்சாலி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. அவளுக்கு அப்போது மூன்றாவது பிள்ளை வயிற்றில். மாரியப்பன் கையில் மாடோட்டும் தார்க்குச்சி இருந்தது.

சீனுவாசன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். யாரும் கூப்பிடவில்லை.

மீதி விதையைப் பாதி நிலத்தில் போட்டார்கள். விளைந்தது. அதுவரைக்கும் சீனுவாசனின் பங்குக் கூழ் பிள்ளைகளுக்குப் போயிற்று. மூன்றாவது பிள்ளை உயிரோடு பிறந்து தங்கியது. ஒருநாள் கூழ் ஊற்றும்போது, ஒரு வயிறு குறைந்ததும் நல்லதுக்குத்தான் என்று பாஞ்சாலிக்குத் தோன்றியது. தோன்றியதும் கூழ்ச் சட்டியைக் கீழே வைத்துவிட்டாள். விதையைத் திருடியதைக்கூட அவள் பிள்ளைகளுக்காக என்று ஆற்றிக்கொண்டாள். இந்த நினைப்பை எதைச் சொல்லியும் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

அறுபத்தைந்தில் கொளஞ்சிக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. விழுப்புரம் ஜங்ஷனில் சீனுவாசன் மூட்டை தூக்குகிறான் என்று ஊர்க்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். திண்டிவனத்தில் துணி எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு, பாஞ்சாலி விழுப்புரம் பஸ்ஸில் ஏறினாள்.

கூட்ஸ் ஷெட் வாசலில் அவனைக் கண்டாள். முன்மண்டை நரைத்திருந்தது. அவளைப் பார்த்ததும் சும்மாட்டுத் துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"கொளஞ்சிக்குக் கல்யாணம் தம்பி" என்றவள், உடனே, "அந்த விதைய நான்தான் எடுத்தேன்" என்றாள்.

"தெரியும் அண்ணி. சின்னது வாயில மல்லாட்டை வாசன அடிச்சிது."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"எப்டி சொல்றது? அண்ணன் அடிச்சா நீங்க தாங்கியிருப்பீங்களா? வயித்துல புள்ள." கொஞ்சம் நிறுத்தினான். "அதுவுமில்லாம, அந்தத் துண்டு நெலம் எத்தினி பேருக்குச் சோறு போடும்? எப்டியும் ஒருத்தன் போவணும். ஆனா திருடன்னு பேரு வாங்கிக்கினு போனதுதான் கஷ்டமா இருந்திச்சி."

பாஞ்சாலியால் அழக்கூட முடியவில்லை. அழுதால் அவனே தேற்ற வேண்டியிருக்கும்.

வீட்டுக்குத் திரும்பியதும் மாரியப்பனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அடி விழும் என்று எதிர்பார்த்தாள். அவன் கை ஓங்கவில்லை.

"ஒவ்வொரு தோலுலயும் பல்லு பதிஞ்சிருந்திச்சி" என்றான். "விக்கிறவன் பல்லால கடிச்சா ஒடப்பான்? அன்னிக்கு சாயங்காலமே எனக்குப் புரிஞ்சிது."

"புரிஞ்சும் போய்க் கூட்டியாரல?"

அவன் எழுந்து கொல்லைப்புறம் போனான். அவளும் இரண்டாம் முறை கேட்கவில்லை. ஒரு வயிறு குறைந்தது என்கிற அந்தப் பதில் அவளிடமும் இருந்தது.

மறுநாள் மாரியப்பன் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு விழுப்புரம் போனான். தம்பியிடம் என்ன பேசினான் என்பது தெரியாது. சீனுவாசன் பெண்டாட்டியோடு கல்யாணத்துக்கு வந்தான். சித்தப்பனாகச் செய்யவேண்டியதைச் செய்தான். நிலத்தில் பங்கு எடுத்துக்கொள்ளச் சொன்னபோது, "எனக்கு வாணாம்ண்ணா, மூணாவது புள்ளைக்குக் குடு" என்றான்.

பந்தியில் பாஞ்சாலிதான் அவனுக்குப் பரிமாறினாள். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை. சாயங்கால பஸ்ஸில் அவன் புறப்பட்டுப் போனான். இருந்துவிட்டுப் போ என்று இந்த முறையும் அவள் வாயிலிருந்து வரவில்லை.